டிராக்டர் அத்தைக்கு முகம் எங்கே?

ஈப்போவிலிருந்து நான் திருவண்ணாமலைக்குப் போனது சாமி கும்பிட இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அங்கே இருந்த மூன்று நாளும் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி, "கிரிவலம் வந்தீங்களா?" என்பதுதான். "இல்லைங்க, ஒரு போட்டோ எடுக்க வந்தேன்" என்று சொன்னால், இவ்வளவு தூரம் வந்து இப்படியும் ஒருத்தி உண்டா என்பது போலப் பார்ப்பார்கள்.

போட்டோ என் அப்பாவுக்கு. அவருக்கு எண்பது நெருங்குகிறது. கண் நரம்பு பட்டுப்போய்க்கொண்டே வருகிறது, இன்னும் ஆறு மாதம் பார்வை இருந்தால் பெரிது என்று ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள். அன்றைக்கு வீடு திரும்பி, வாசலில் காரை விட்டு இறங்கும்போது அப்பா சொன்னார்: "பாக்க வேண்டியது எல்லாம் பாத்தாச்சு சாந்தா. தனக்கோடி மூஞ்சியை ஒரு தரம் பாத்துட்டா போதும்."

தனக்கோடி அவருடைய ஒரே தங்கை, என் அத்தை. கீழ்பென்னாத்தூரில் இருக்கிறார். அப்பா மலாயாவுக்குக் கப்பல் ஏறியபோது அத்தைக்கு ஒன்பது வயது. அப்புறம் அப்பா ஊருக்கே திரும்பவில்லை. அத்தையின் படம் ஒன்றுகூட எங்களிடம் கிடையாது. எங்களிடம் மட்டுமில்லை, உலகத்திலேயே கிடையாது. படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்பது அவருடைய கட்சி. ஓட்டுக் கார்டுக்குப் படம் எடுக்க வந்தவர்கள் மேல் நாயை அவிழ்த்துவிட்டவர் என்று ஊரில் பேச்சு. டிக்கெட் போட்டு ஈப்போவுக்கே அழைத்துக்கொள்ளலாம் என்றால், பாஸ்போர்ட்டுக்கும் அந்தப் பாழாய்ப்போன படம் வேண்டுமே!

இந்த நேரத்தில்தான் அத்தையின் மருமகள் செல்வியிடமிருந்து கடிதம் வந்தது. செல்வி அங்கே ஆரம்பப் பள்ளியில் டீச்சர், கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும். திருவண்ணாமலையில் புதிதாக ஒரு பொழுதுபோக்குப் பூங்கா திறந்திருக்கிறார்களாம். அதில் 'சாதனைப் பெண்கள்' என்று ஒரு வரிசையாம். ஆளுயரப் பலகைகளில் வரலாற்றுப் பெண்களை வரைந்து நிறுத்தி, பக்கத்தில் நின்று ஜனங்கள் போட்டோ எடுத்துக்கொள்கிறார்களாம். 'நம்ம அத்தையும் அதில் ஒருவர் அக்கா. தாலுகாவிலேயே முதன்முதலில் டிராக்டர் ஓட்டிய பெண் என்று போட்டிருக்கிறார்கள்.'

அப்பா அந்தக் கடிதத்தைப் பூதக்கண்ணாடி வைத்து இரண்டு தடவை படித்தார். "அவ ஒத்துக்க மாட்டா. பலகை ஒத்துக்கும் இல்ல? அதைப் படம் எடுத்துட்டு வா" என்றார். எனக்கும் அது சரியாகவே பட்டது. முகத்தையே காட்டாத ஒருத்தியைப் பெயிண்டர் எதைப் பார்த்து வரைந்திருப்பான் என்று அப்பாவும் பெண்ணும் யோசித்திருக்கலாம். யோசிக்கிற வழக்கம் எங்கள் குடும்பத்தில் கொஞ்சம் கம்மி.

முதல் நாள் சென்னையில் பஸ் ஏறியதும் கண்டக்டர் என் ஆசையில் மண்ணைப் போட்டார். "கீழ்பென்னாத்தூர்ல நிக்காதும்மா. இது பாயிண்ட் டு பாயிண்ட்."

"வழியிலதானே இருக்கு?"

"வழியில எத்தினியோ ஊரு இருக்குது. எல்லாத்துலயும் நின்னா எப்ப போய் சேர்றது?"

ஆனால் டீ குடிக்க இருபது நிமிஷம் நின்றார். கீழ்பென்னாத்தூர் வந்தபோது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். செல்வி அடுத்த கடிதத்தில் சொன்னபடியே பச்சைச் சேலை கட்டிய ஒரு பெண் சாலையோரம் நின்று கையாட்டினாள். நானும் கையாட்டினேன். பஸ் போய்க்கொண்டே இருந்தது. எங்கள் ஊரில் இதற்கெல்லாம் பஸ்ஸிலேயே புகார் நம்பர் ஒட்டியிருப்பார்கள், என்ன, அடித்தால் யாரும் எடுக்கமாட்டார்கள்.

திருவண்ணாமலையில் முந்தின நாள்தான் பௌர்ணமி முடிந்திருந்தது. ஊரே கால்வலியோடு இருந்தது. பஸ் ஸ்டாண்டில் நடக்கிறவர்களைவிட உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறவர்கள்தான் ஜாஸ்தி. கடலை மூட்டை ஏற்றிய ஒரு வேனில், மூட்டை மேலேயே உட்கார்ந்து, வந்த வழியே திரும்பிப் போனேன். செல்வி இன்னும் அதே இடத்தில் நின்றாள். "நீங்க நல்லா கையாட்டினீங்க அக்கா" என்றாள். அந்தக் குசும்பில் எங்களுக்குள் அப்போதே ஒட்டிக்கொண்டது.

அத்தை ஐந்தடிகூட இருக்கமாட்டார். குரல் மட்டும் ஏழடி. வாசலிலேயே என் முகவாயைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அடியே, அவன் மூக்கையே அறுத்து எடுத்துட்டு வந்துட்டியா!" என்று கூவினார். அடுத்த நிமிஷம் என் தட்டில் ஆறு இட்லி. தொட்டுக்கொள்ள வேர்க்கடலைச் சட்னி. அந்தச் சட்னிக்காகவே அப்பா திரும்பிப் போயிருக்கலாம். நாலாவது இட்லியில் நான் தடுமாறியதும், "இன்னாடி கண்ணு, மலேசியாவுல சோறே போடமாட்டாங்களா?" என்றார். காலையிலேயே தேங்காய்ப்பால் சோறும் காரச் சம்பலும் சாப்பிடுகிற ஊர்க்காரி நான். என்னைப் பார்த்து இந்தக் கேள்வி!

சாப்பாட்டுக்குப் பிறகு, சும்மா ஒரு தடவை முயற்சி செய்து பார்க்கலாமே என்று பையைத் திறந்தேன். கேமரா வெளியே வந்தது. கடலை புடைத்துக்கொண்டிருந்த முறம் மேலே போனது. "நான் மாட்டைத்தான் அத்தை எடுக்கிறேன்" என்றேன். "எடு. மாடு அந்தப் பக்கம் இருக்குது" என்று முறத்துக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. அன்றைக்கு மாலை வரைக்கும் மூன்று தடவை எடுத்தேன். மூன்றிலும் முறம்தான் நன்றாக விழுந்திருந்தது.

செல்விதான் டிராக்டர் கதையைச் சொன்னாள். மாமா டிராக்டர் வாங்கிய வருஷமே வரப்பில் விழுந்து காலை ஒடித்துக்கொண்டாராம். விதைப்பு நேரம், மழையும் வந்துவிட்டது. கூலிக்குப் பேசின டிரைவர் வரவில்லை. அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்துவிட்டார். முதல் நாள் வேலியைச் சாய்த்தார், இரண்டாம் நாள் பக்கத்து நிலத்துக்காரன் நிலத்தில் பாதியையும் சேர்த்து உழுதுவிட்டார். வரப்பில் நின்று சிரித்த ஆம்பளைகள் எல்லாம் பத்தாம் நாள், "எங்க நெலத்துக்கும் வர்றியாம்மா?" என்று வாசலில் வந்து நின்றார்களாம்.

"அதெல்லாம் ஒரு சாதனையா? வேற ஆளு இல்ல, ஓட்டினேன்" என்றார் அத்தை. பூங்காவில் தன்னை வைத்திருப்பது அவருக்குத் தெரியும். பெயரைக் கொடுத்தது செல்விதான் என்பதும் தெரியும். அதற்காக ஒரு வாரம் மருமகளோடு பேசாமல் இருந்தாராம். ஆனால் பலகையைப் போய்ப் பார்த்ததில்லை.

இரண்டாம் நாள் நானும் செல்வியும் பூங்காவுக்குப் போனோம். செங்கம் சாலையில், ரமணாசிரமம் தாண்டி அடி அண்ணாமலைப் பக்கம் போகிற வழியில் இருந்தது. ஆசிரமத்துக்கு எதிரே, வேட்டியை லுங்கிபோல் கட்டிய ஒரு வெள்ளைக்காரம்மா ஆட்டோக்காரரிடம் ஆங்கிலத்தில் கெஞ்சிக்கொண்டிருந்தார். "நேற்று வெறுங்காலில் மலையைச் சுற்றினேன். இன்றைக்கு ஒரு அடி வைக்க முடியவில்லை, அறைக்குக் கொண்டுபோய் விடு." அறை எதிர்ச் சந்திலேயே இருக்கிறதாம். ஆட்டோக்காரர் நேர்மையானவர். "தோ இருக்குது மேடம், தெரியுது பாருங்க" என்று விரலை நீட்டிக் காட்டினாரே தவிர ஏற்றிக்கொள்ளவில்லை.

எங்கள் நாட்டுப் பூங்காக்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு மணி நேரம் வரிசையில் நின்று, இரண்டு நிமிஷம் தலைகீழாகத் தொங்கிவிட்டு வருவோம். இங்கே வரிசையே கிடையாது, எல்லாரும் ஒரே நேரத்தில் ஏறிவிடுகிறார்கள். ஒரு ராட்டினம், ஒரு குட்டி ரயில், தண்ணீர் இல்லாத தண்ணீர்ச் சறுக்கு. அதில் ஒரு குடும்பம் துண்டு விரித்து உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

அதைத் தாண்டினால் சாதனைப் பெண்கள். முதலில் குதிரைமேல் வாள் ஏந்திய ராணி. அவர் எதிரே ஏகப்பட்ட செருப்புகள் கழற்றிக் கிடந்தன. போட்டோ எடுக்கிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பக்கத்தில் போய் நின்றார்கள். குதிரை நெற்றியில் யாரோ குங்குமம் வேறு வைத்திருந்தார்கள். அடுத்து ஒரு டாக்டரம்மா, அடுத்து விமானம் ஓட்டுகிற பெண், அதற்கடுத்து விண்வெளி உடுப்பில் ஒருத்தி. நால்வருக்கும் ஒரே முகம்! பெயிண்டருக்குத் தெரிந்த முகம் அது ஒன்றுதான் போலிருக்கிறது. பெண்கள் வரலாறு முழுவதையும் ஒரே குடும்பத்து அக்கா தங்கைகள் நடத்திவிட்டதுபோல் இருந்தது.

ஐந்தாவது பலகையில்தான் கூட்டம். சிவப்பு டிராக்டர், பச்சைச் சேலை, இடுப்பில் ஒட்டியாணம். சேலைக்கு மேலே, கழுத்துக்கு மேலே, ஒரு வட்டமான ஓட்டை. அந்த ஓட்டையில் பின்னாலிருந்து முகத்தை நுழைத்து, போளூர்க்காரர் ஒருவர் முறுக்கிய மீசையோடு பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார். கீழே கொட்டை எழுத்தில், 'தாலுகாவின் முதல் பெண் டிராக்டர் ஓட்டுநர் திருமதி தனக்கோடி.'

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! கல்லைக் கண்டால் நாயைக் காணோம் என்கிற கதைதான். பெயர் இருக்கிறது, வண்டி இருக்கிறது, ஒட்டியாணம்கூட இருக்கிறது, முகம் மட்டும் இல்லை. கடல் தாண்டி வந்து அப்பாவுக்கு ஓட்டையையா கொண்டுபோய்க் காட்டுவேன்? "லெட்டர்ல இதை ஏன் எழுதல?" என்று செல்வியைப் பிடித்துக்கொண்டேன். "எழுதினா நீங்க வந்திருப்பீங்களா? நேர்ல வந்தா அத்தை மனசு மாறுவாங்கனு நெனச்சேன் அக்கா" என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

பூங்கா முதலாளியைத் தேடிப் பிடித்தேன். அரிசி மில்காரர், மரியாதையான மனிதர். "படம் குடுங்கனு மூணு தரம் ஆள் அனுப்பினேங்க. நாயை அவுத்து விட்டுட்டாங்க. அப்பதான் பெயிண்டர் சொன்னான், மூஞ்சி தெரியலன்னா ஓட்டை போட்டுடலாம் சார்னு. இப்ப பாருங்க, ராணியைவிட இவங்களுக்குதான் கூட்டம் ஜாஸ்தி" என்றார் பெருமையாக.

அன்றைக்குச் சாயங்காலம் கடலைக்கொல்லையில் அத்தையைத் தனியாகப் பிடித்தேன். சுற்றி வளைக்கவில்லை. அப்பாவின் கண்ணைப் பற்றிச் சொன்னேன். ஆறு மாதம் என்று சொன்னேன். களைக்கொத்தைக் கீழே வைத்துவிட்டு அவர் வரப்பில் உட்கார்ந்தார்.

"உங்கப்பன் அங்க போய் ஏழெட்டு வருசம் கழிச்சு லெட்டர் போட்டான். அம்மாவைப் பாக்கணும் போல இருக்குது, ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கனு. அம்மா வேணாம் வேணாம்னு சொல்லுச்சு. நான்தான் விடாப்பிடியா திருவண்ணாமலைக்கு இட்டுக்கினு போய் ஸ்டூடியோவுல உக்கார வச்சேன். பவுடர் கூட நான்தான் போட்டுவுட்டேன். படம் கப்பல்ல போயிகினு இருக்குது, அம்மா இங்க போயிடுச்சு. பதினஞ்சே நாளு."

அந்தப் படம் எங்கள் ஈப்போ வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. நான் அதைப் பார்த்துத்தான் வளர்ந்தேன். பவுடர் கொஞ்சம் ஜாஸ்தியாகப் போட்ட, கேமராவைப் பார்த்து மிரண்ட ஒரு முகம். தினமும் அதற்கு ஊதுவத்தி வைக்கிற அப்பா, படம் கேட்டது தான்தான் என்று ஒரு நாளும் எங்களிடம் சொன்னதில்லை. ஏன் அவர் ஊருக்கே திரும்பவில்லை என்பது எனக்கு அந்த வரப்பில்தான் புரிந்தது.

புரிந்த பிறகு நான் நல்லபடியாகப் பேசியிருக்க வேண்டும். என் வாய் அப்படிப்பட்டது இல்லை. "சரி அத்தை, உங்க ஆயுசைப் பெட்டியில வச்சுப் பூட்டிக்குங்க. அப்பா கண்ணு போன பிறகு நீங்களே வந்து நின்னாலும் அவருக்குத் தெரியப்போறதில்லை" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். சொன்ன அடுத்த நிமிஷமே நாக்கைக் கடித்துக்கொண்டேன். ராத்திரி சாப்பாட்டில் அத்தை என் தட்டில் இட்லியை எண்ணவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மூன்றாம் நாள் காலை, நான் ஊருக்குக் கிளம்ப மூட்டை கட்டிக்கொண்டிருக்கும்போது அத்தை கஞ்சி போட்ட சேலையில் வாசலில் நின்றார். தலையில் எண்ணெய் வழிந்தது. "வாங்கடி, அந்த பொம்மைக் கொட்டாய்க்குப் போலாம்" என்றார்.

"எதுக்கு அத்தை?" என்றாள் செல்வி, தெரியாதவள் மாதிரி.

"யோசிச்சுப் பாத்தேன். படம் எடுத்தா ஆயுசு யாருக்குப் போவும்? படத்துல இருக்கறவளுக்கு. அந்தப் படத்துல இருக்கறவ யாரு? பலகை. சேலை அதுது, வண்டி அதுது, பேரு எழுதி இருக்கறதும் அதுலதான். நான் ஜன்னல்ல எட்டிப் பாக்கற மாதிரி பின்னால நின்னு எட்டிப் பாக்கறேன், அவ்ளோதான். போனா பலகைக்குப் போவட்டும்."

வக்கீலுக்கும் வராத வாதம் இது. நானும் செல்வியும் மூச்சு விடாமல் தலையை ஆட்டினோம்.

பலகையைப் பார்த்ததும் அத்தைக்கு ஆயுசு மறந்துவிட்டது. "நம்ம வண்டி நீலம். இது இன்னா செவப்பு? கியர் எங்க? ஒட்டியாணம் கட்டிக்கினு எவடி ஏர் ஓட்டுவா?" என்று பலகையை ஒரு சுற்று சுற்றி வந்தார். பூங்காவில் தொப்பி போட்ட ஒரு போட்டோக்காரர் உண்டு. என் கையில் சொந்தக் கேமரா இருப்பதைப் பார்த்தும் அவர் விலகவில்லை, யோசனையாவது சொல்லலாமே என்று பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். ஓட்டை அத்தைக்கு எட்டவில்லை. பிளாஸ்டிக் ஸ்டூல் கொண்டுவந்து போட்டவரும் அவர்தான். கொஞ்ச நேரத்தில் பச்சைச் சேலைக்கு மேலே அத்தையின் முகம் உதித்தது. கண் இரண்டும் இறுக மூடியிருந்தது.

"பெரியம்மா, கண்ணைத் தொறங்க" என்றார் போட்டோக்காரர். "கொஞ்சம் கெத்தா பாருங்க. இந்தம்மா எம்மாம் தைரியசாலி தெரியுமா? ஆம்பளைங்களே பயந்த காலத்துல டிராக்டர் ஓட்டுனவங்க. நீங்க இன்னாடான்னா ஊசி போட வந்த மாதிரி நிக்கறீங்க!"

செல்வி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அத்தை ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "அவளுக்கு இன்னாப்பா, அவ பலகை. நான் உசுரோட இல்ல இருக்கேன்?" என்றார். நான் கேமராவை அமுக்கிவிட்டேன்.

இறங்குவார் என்று பார்த்தால் இறங்கவில்லை. "சாந்தா, இதுல நான் எம்மாம் தெரிவேன்?" என்று பலகைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"முகம் தெரியும் அத்தை."

"முகம் மட்டுமா?"

"ஆமாம்."

அப்புறம் ஸ்டூல் நகர்ந்தது. அத்தை பலகையைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தார். "அவன் கப்பல் ஏறச்சே நான் அவன் இடுப்பு உசரம் இருந்தேன். வெறும் மூஞ்சியைப் பாத்தா அவனுக்கு இன்னா தெரியும்? முழுசா எடு" என்றார்.

"அத்தை, பலகை இல்லாமயா?" செல்வியின் சிரிப்பு போய்விட்டது.

"போற ஆயுசு போவட்டும். அவன் கண்ணு போறதுக்குள்ள பாக்கட்டும்."

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். கொசுவத்தைச் சரிசெய்தார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் விறைப்பாகத் தொங்கவிட்டார். பிறகு பெரிதாக மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டார், உள்ளே இருப்பது எதுவும் வெளியே போய்விடாமல் இருக்க. கேமரா வழியாகப் பார்த்தேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். அத்தை உதட்டை அசைக்காமல், "சீக்கிரம் எடுடி, மூச்சு முட்டுது" என்றார்.

ஈப்போவில் இறங்கிய அன்றே படங்களைக் கழுவி வாங்கி வந்துவிட்டேன். உறையை நீட்டினால் அப்பா வாங்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "முதல்ல போன் போடு. அவ நல்லா இருக்காளானு கேளு" என்றார். போட்டேன். செல்விதான் எடுத்தாள். "அத்தை கடலைக்குத் தண்ணி கட்டப் போயிருக்காங்க அக்கா. போற வழியில எவனோடயோ சண்டை வேற" என்றாள். அதை அப்படியே அப்பாவிடம் சொன்னேன். எவனோடு சண்டை என்று கேட்டார். அப்புறம்தான் உட்கார்ந்தார்.

டிராக்டர் படத்தைப் பார்த்துச் சிரித்தார். அதைத் தொடையில் வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தார். ஜன்னல் பக்கம் திரும்பி, பூதக்கண்ணாடியை முதலில் காலில் வைத்தார். அங்கிருந்து மெதுவாக, சேலைக் கரை, தொங்குகிற கைகள், தோள், அடக்கிய மூச்சில் உப்பிய கன்னம் என்று மேலே ஏற்றிக்கொண்டே போனார். நரைத்த உச்சிக்கு வர ரொம்ப நேரம் ஆனது. அங்கே கண்ணாடியை நிறுத்திவிட்டு, மறுபடியும் காலிலிருந்து ஆரம்பித்தார்.

"நல்லா வளந்துட்டா" என்றார்.